கோன்கென்னில் வீடு தேட வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பல்கலைக்கழக வேலை உறுதியானது என்ற செய்தியும், அதனோடு நீங்கள் அனுப்பியிருந்த வாடகை வீட்டு விளம்பரங்களும் கிடைத்தன. மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் மதுரையில் இருந்தபடியே எந்த வீட்டுக்கும் முன்பணம் அனுப்பிவிடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்களில் ஏசியும் கட்டிலும் பளபளக்கும் தரையும் நன்றாகத் தெரிகின்றன. வீட்டின் உரிமையாளர் யார், உங்களைத் தன் வீட்டில் குடிவைத்திருப்பதாகக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா என்பது எந்தப் படத்திலும் தெரியாது. கோன்கென் போன்ற தாய்லாந்து மாகாண நகரங்களில் குடியேறும் வெளிநாட்டவருக்கு வீடு கிடைப்பது அவ்வளவு கடினமில்லை, நல்ல வீட்டுக்காரர் கிடைப்பதுதான் கடினம். மற்றதெல்லாம் அவரைப் பொறுத்தே அமையும் என்பதால்தான் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்நாட்டின் 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டின் உரிமையாளரோ பொறுப்பாளரோ 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அதற்கான படிவம் டி.எம். 30, இங்கே வெளிநாட்டவர் இருவர் சந்தித்துக்கொண்டால் இந்த எண் பேச்சில் வராமல் போகாது. ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் பதிய வேண்டும், அல்லது உங்களிடம் தன் ஆவணங்களின் நகல்களையாவது கையெழுத்திட்டுத் தர வேண்டும். சட்டப்படி இது அவருடைய கடமைதான் என்றாலும், பதியாவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்: விசாவை நீட்டிக்கப் போகும்போதும் இருப்பிடச் சான்று கேட்கும்போதும் அதைப் பதிந்ததற்கான சீட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள், அந்த இருப்பிடச் சான்றை எதிர்பார்த்து ஓட்டுநர் உரிமமும் பல வங்கிக் கிளைகளில் கணக்குத் தொடங்குவதும் காத்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் மனைவிக்கும் குழந்தைக்கும் தனித்தனியே பதிய வேண்டும். நாட்டை விட்டு வெளியே போகாமல் 90 நாள் தொடர்ந்து இருந்தால் நீங்களே முகவரியைத் தெரிவிக்கும் மற்றொரு நடைமுறையும் உண்டு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிட வேண்டாம்.

சில வீட்டுக்காரர்கள் இதற்கு ஏன் தயங்குகிறார்கள் என்று நீங்கள் வியக்கலாம். வாடகை வருமானம் அரசுக்குத் தெரிந்து வரி கேட்பார்களோ என்ற அச்சம் ஒன்று. வெளிநாட்டவரை ஒருபோதும் குடிவைத்திராததால் அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாமை இன்னொன்று. இரண்டாவது வகையினரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் சம்மதித்துவிடுவார்கள். முதல் வகையினர் "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுங்கள்.

நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அறுபது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் கேட்டதும், நீல அட்டை போட்ட தன் வீட்டுப் பதிவேட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்துக்கொண்டு என்னோடு குடிவரவு அலுவலகத்துக்கே வந்தார். அங்கிருந்த மேசையில் அமர்ந்து, தன் அடையாள அட்டை நகலின் குறுக்கே சாய்வாக இரண்டு கோடுகள் இழுத்து, அவற்றுக்கு நடுவே, "குடியிருப்பவரைப் பதிவு செய்வதற்காக மட்டும்" என்று தாய்லாந்து மொழியில் எழுதி, தேதியிட்டு, 'உண்மை நகல்' என்று கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு தாளிலும் அதே நிதானத்தோடு அதையே செய்தார். நகலை வேறெதற்கும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக இங்குள்ளவர்கள் கைக்கொள்ளும் வழக்கம் அது. நீங்களும் உங்கள் கடவுச்சீட்டு நகல்களை யாரிடம் கொடுத்தாலும் இவ்வாறே எழுதிக் கொடுங்கள். இப்படித் தன் பெயரையும் காத்துக்கொண்டு உங்களுக்கும் கையெழுத்துத் தருகிற மனிதரைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

இனிச் சொல்லப்போவது கசப்பானது என்றாலும், தெரிந்துகொண்டு வருவது நல்லது. தொலைபேசியில் கேட்டபோது காலியாக இருந்த வீடு, நம் நிறத்தை நேரில் பார்த்ததும் திடீரென்று வேறொருவருக்குப் போய்விட்டது என்பார்கள். ஈசான் எனப்படும் இந்த வடகிழக்குப் பகுதியில் கொசுவலையும் போர்வையும் தவணைக்கு விற்றுக்கொண்டு வண்டியில் ஊர் ஊராகச் செல்லும் வட இந்திய வியாபாரிகளை மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அவர்களில் சிலர் வட்டிக்குப் பணம் கொடுப்பவர்கள். இந்தியர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த முகம்தான். அந்த வியாபாரிகளும் பிழைக்க வந்தவர்களே, அவர்களிடமிருந்து நம்மை விலக்கிக் காட்டிக்கொண்டு மதிப்புத் தேட வேண்டியதில்லை. துறையின் முத்திரையோடு, தாய்லாந்து மொழியில், உங்கள் பணியையும் ஒப்பந்தக் காலத்தையும் குறிப்பிடும் கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் அழைப்பைத் துறையில் உள்ள தாய்லாந்து நண்பர் ஒருவரைக் கொண்டே செய்யச் சொல்லுங்கள். வீடு பார்க்கப் போகும்போது மனைவியையும் குழந்தையையும் அழைத்துச் செல்லுங்கள். குழந்தையைக் கண்டதும் முகம் மலராத வீட்டுக்காரரை இந்த ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை.

வந்த புதிதில், பல்கலைக்கழகத்தின் பின்புறத்திலோ கங்சதான் பகுதியிலோ, மாணவர்களுக்காகக் கட்டப்பட்ட 'ஹோபக்' எனப்படும் விடுதி அறைகளில் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அங்கிருந்தபடி வீடு தேடுங்கள். அவ்வறைகள் பெரும்பாலும் இந்நாட்டு நாணயமான பாட்டில் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் கிடைக்கின்றன. ஆனால் குடும்பத்தோடு நெடுநாள் இருப்பதற்கு அவை ஏற்றவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவற்றில் காஸ் அடுப்புக்கு அனுமதி இல்லை. துணி உலர்த்தும் சிறு பால்கனியில் மின்னடுப்பை வைத்துக் கடுகு தாளித்தால் பக்கத்து அறைக்காரர் அன்றைக்கே முறையிடுவார். இரண்டு படுக்கையறை உள்ள டவுன்ஹவுசோ சிறு தனி வீடோ ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் பாட்டுக்குள் அகப்படும். இவ்வூர் வீடுகளின் பின்புறத்தில் தகரக் கூரை போட்டு, காற்றோட்டமாக, சமையலுக்கென்றே ஓர் இடம் விட்டிருப்பார்கள். இவர்களும் மிளகாயும் பூண்டும் வறுப்பவர்கள், நெடி வீட்டுக்குள் வரக் கூடாது என்று நினைப்பவர்கள். நம் சமையலுக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. முருங்கை மரம் நிற்கும் வீடுகளும் நிறைய உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

இத்தகைய வீடுகளில் பல இணையத்தில் ஏறுவதே இல்லை. கதவில் கட்டிய பலகையில் 'ஹை சாவ்' என்று எழுதி ஒரு தொலைபேசி எண் கொடுத்திருப்பார்கள், அதாவது வாடகைக்கு விடப்படும். அந்தச் சொல்லின் எழுத்து வடிவத்தை மட்டும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டு, மாலை வெயில் தாழ்ந்த பிறகு சந்து சந்தாகச் சென்று பாருங்கள். சலவைக் கடை அம்மாவிடமும் தெருமுனை நூடுல்ஸ் கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். அந்தத் தெருவில் யார் காலிசெய்யப் போகிறார்கள் என்பது வீட்டுக்காரருக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வாடகைக்கு அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, மின்சாரம் யூனிட் என்ன விலை என்பது. மாகாணங்களில் மின்சாரம் வழங்குவது மாகாண மின்சார வாரியம். அதன் விலை யூனிட்டுக்கு ஏறத்தாழ நான்கு பாட்டும் சொச்சமும். ஆனால் விடுதிக்காரர்கள் தங்கள் உள்மீட்டரை வைத்து ஏழு, எட்டு பாட் என்று வாங்குவது வழக்கமாகியிருக்கிறது. ஏப்ரலில் இங்கே வெயில் 40 பாகையைத் தொடும், குழந்தைக்காக இரவெல்லாம் ஏசி ஓடும். மாதம் 300 யூனிட் ஆனால், வாரியக் கணக்கில் 1,300 பாட்டை ஒட்டி வரும் கட்டணம், எட்டு பாட் வீதத்தில் 2,400 ஆகிவிடும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளை வாடகைக்கு விடுபவர்கள் மின்சாரத்துக்கு உண்மையான விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தின் ஒப்பந்தக் குழு 2018 மே 1 முதல் விதித்தது. அதன் பிறகு அந்த விதிகள் திருத்தப்பட்டிருக்கின்றன, நடைமுறையிலோ பலர் மீறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அறை தேடிவந்த மாணவர்களின் இயலாமையை வைத்துச் சம்பாதிக்கும் இந்த வழக்கம் எனக்கு ஒருநாளும் ஏற்புடையதாக இருந்ததில்லை. தனி வீடு எடுத்தால் வாரியத்தின் மீட்டர் வாசலிலேயே இருக்கும். மாதாமாதம் போடும் சீட்டை எடுத்துக்கொண்டு போய் செவன் இலெவன் கடையில் கட்டிவிடலாம், இடையில் யாரும் கை வைக்க முடியாது.

ஊருக்கு வெளியே, வாடகை குறைவு என்று போகும் இடங்களில் சிலவற்றைக் கவனியுங்கள். குழாயைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்து தண்ணீரை முகர்ந்து பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் குளியலறைத் தரையில் செம்பழுப்புக் கறை சொல்லிவிடும். மதில் சுவரில் பழைய வெள்ளத்தின் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாகாணத்தின் வழியே சீ ஆறும் போங் ஆறும் ஓடுகின்றன, போங் ஆற்றின் மேல் 1966இல் முடிந்த உபோல்ரத் அணை இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுந்து அணையைத் திறந்தால் தாழ்வான பகுதிகளுக்கு நீர் வருவது புதிதல்ல. 2022இல் நோரு புயலை ஒட்டிய வெள்ளம் இங்குள்ளவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. டிசம்பரிலிருந்து கரும்பு அறுவடை. தோட்டத்தைக் கொளுத்தி அறுக்கும் இடங்களிலிருந்து கரித்துகள் பறந்து வந்து காயும் துணியில் படியும். குழந்தைக்கு மூச்சிரைப்பு உண்டு என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே சன்னல்கள் இடைவெளியின்றி மூடுகின்றனவா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பதை வெட்கமாக நினைக்காதீர்கள். கிராமத் தலைவரின் ஒலிபெருக்கி எந்தக் கம்பத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், விடியற்காலையிலேயே அறிவிப்புகள் தொடங்கிவிடும். பொதுப்போக்குவரத்து என்று, பின்புறத்தில் இரு வரிசை இருக்கைகள் போட்ட சொங்தேவ் வண்டிகள் உண்டு, ஆனால் இருட்டிய பின் அவற்றை நம்பிப் புறநகரில் இருக்க முடியாது.

வாடகை கொடுப்பதற்குப் பதில் ஒரு சிறு வீட்டை வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது என்பதே நேரான பதில். 1954ஆம் ஆண்டு நிலச் சட்டத் தொகுப்பின்படி நம்மைப் போன்ற வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க இயலாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கலாம், அதிலும் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக் கூடாது, பணமும் அயல்நாட்டு நாணயமாக வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். தாய்லாந்து நாட்டவர் பெயரில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நிலம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால், அது சட்டவிரோதம், அவரோடு பேச்சே வேண்டாம். நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும், உச்ச வரம்பு 30 ஆண்டு. உங்கள் பணி ஒப்பந்தம் முடியும் வரைக்குமாவது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வாடகை ஒப்பந்தமே போதும்.

அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். எழுத்தில் இல்லாத வாடகைப் பேச்சை வைத்துக்கொண்டு இங்கே நீதிமன்றத்தில் நிற்க முடியாது. முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், டி.எம். 30 யார் பதிவது, ஏசி பழுதானால் யார் பொறுப்பு ஆகிய நான்கையும் தாய்லாந்து மொழிப் படியிலேயே சேர்க்கச் சொல்லி, கையெழுத்துக்கு முன் துறை நண்பரிடம் காட்டிவிடுங்கள். சாவி வாங்கும் அன்றே மீட்டரின் எண்ணையும் சுவர்க்கறை, உடைந்த ஓடு எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். முற்றத்தில் தூணின் மேல் நிற்கும் சிறு தெய்வ வீட்டுக்கு அவர் வந்து மாலையும் சிவப்புக் குளிர்பானமும் வைப்பார். அதன் மேல் துணி உலர்த்தாமலும் அதை மறைத்து வண்டியை நிறுத்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலிருந்து வந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஆசிரியையிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவருடைய தங்கையின் வீடு, பல்கலைக்கழகத்துக்கு வண்டியில் போய்வரும் தொலைவில், இந்தப் பருவ முடிவில் காலியாகிறதாம்: தரைத்தளம் மட்டும், பின்புறம் சமையல் கொட்டகை, வாசலில் வாரிய மீட்டர். பதிவுக்குத் தன் தங்கையைத் தானே அழைத்து வருவதாக அவர் சொல்கிறார். வாடகையைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை, நீங்களும் உங்கள் மனைவியும் வந்து பார்த்த பிறகு பேசுவோம். விமான டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுதுங்கள், வந்த வாரத்தின் சனிக்கிழமையை உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா
கோன்கென்