104 நாற்காலிகளும் ஒரு கணித ஆசிரியரும்

மாகாண சபை வழியாகப் பாராளுமன்றம் போன உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் 31 வருடம் கணக்கெழுதிவிட்டு, இப்போது கொட்டாஞ்சேனையில் வீட்டோடு இருப்பவன் நான். எந்தக் கட்சியின் அட்டையும் என்னிடம் இல்லை. தேர்தல் வந்தால் மூன்று விருப்பு வாக்கையும் வீணாக்காமல் போட்டுவிட்டு வருவேன். அவ்வளவுதான் என் அரசியல்.

இதை 225 பேருக்குமே எழுதியிருக்கலாம். ஆனால் மற்றவர்களுக்கு மாகாண சபை என்பது மேடையில் வந்து போகும் ஒரு சொல். நீங்கள் அதில் உட்கார்ந்து எழும்பியவர்கள். அதனால்தான் உங்களுக்கு. 2019இலிருந்து ஆளில்லாமல் கிடக்கும் அந்தச் சபைகளைப் பற்றியதுதான் இந்த மடல்.

என் பேரன் தரம் 10 படிக்கிறான். மாகாண சபையின் கீழ் இருக்கும் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலை. கணித ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். இரண்டாம் தவணை முடியும் வரை அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. பெற்றோர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கடிதம் எழுதினோம். ஓய்வு பெற்றவன், வேலை வெட்டி இல்லாதவன் என்பதால் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் மாநகர சபை உறுப்பினரிடம் போனேன். 2025 மே மாதத் தேர்தலில் புதிதாக வந்தவர், நல்ல பிள்ளை. "ஐயா, பாடசாலை எங்களுக்குள் வராது. வடிகான் அடைத்தால் சொல்லுங்கள், நானே வந்து நிற்கிறேன்" என்றார். உள்ளதைச் சொன்னார். அடுத்து ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் செயலாளர். அவர் தேநீர் தந்து, "அது மாகாணத்துக்குரிய விஷயம் அல்லவா?" என்று என்னிடமே கேட்டார். சரி என்று மாகாணத்துக்குரிய அலுவலகம் ஒன்றில் கொடுத்து, தபாலிலும் ஒரு பிரதி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. முழுக்கச் சிங்களத்தில். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் வாசித்துச் சொன்னது: உங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.

மாகாண சபைகளைக் கொண்டு வந்த அதே அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம்தான் 1987இல் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. நாங்கள் கேட்டது முதலாவதைப் பற்றி. வந்த பதில் இரண்டாவதும் எந்த நிலையில் கிடக்கிறது என்று காட்டிவிட்டது.

இதே மாதிரி ஒன்று பத்து வருடத்துக்கு முன்பும் நடந்தது. அப்போது என் கடைசி மகள் படித்துக்கொண்டிருந்தாள். விஞ்ஞான ஆசிரியர் இல்லை. ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு தேநீர்க் கடைக்கு ஞாயிறு காலையில் ஒரு மாகாண சபை உறுப்பினர் வருவார். பெயர் வேண்டாம். "அண்ணே, இப்படி ஒரு பிரச்சினை" என்றேன். பத்திரிகை ஓரத்தில் குறித்துக்கொண்டார். வியாழக்கிழமை தொலைபேசி வந்தது. இரண்டு வாரத்தில் ஆசிரியரும் வந்தார். அவர் மகான் ஒன்றும் கிடையாது. தேர்தல் நேரத்தில் தலைவருக்கு வாக்குக் கேட்டு அதே சிரிப்போடு அதே கடைக்கு வந்தவர்தான். ஆனால் எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று அவருக்குத் தெரியும். எழுப்பிவிடுகிற உரிமையும் அவருக்கு இருந்தது.

நீங்களும் அப்படித்தானே தொடங்கினீர்கள்? 1993 மே மாதம் மேல் மாகாண முதலமைச்சரானவர் சந்திரிகா. அடுத்த வருடம் ஆகஸ்டில் பிரதமர், நவம்பரில் ஜனாதிபதி. ஒன்றரை வருடத்தில் நாட்டின் உச்சிக்கே போனார். சுசில் பிரேமஜயந்த அதே முதலமைச்சர் கதிரையில் இருந்துதான் அமைச்சரவைக்குப் போனார். எங்கள் பக்கம் பார்த்தால் மனோ கணேசன். முன்பே பாராளுமன்றத்தில் இருந்தவர் என்றாலும், 2014 மார்ச்சில் மேல் மாகாண சபைக்குத் தெரிவாகி, அங்கிருந்துதான் 2015 ஆகஸ்டில் மீண்டும் பாராளுமன்றம் போய் அமைச்சரும் ஆனார். இதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. கடையில் சேரும் பையனும் முதலில் மூட்டை எண்ணுவான், பிறகு பில் எழுதுவான், அதற்குப் பிறகுதான் கல்லாப்பெட்டிப் பக்கம் வருவான். நேராகக் கல்லாவில் உட்கார்ந்த முதலாளி மகன்மார் கடையை என்ன செய்தார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது, நீங்கள் ஏறி முடித்த பிறகு அந்தப் படியை யார் பூட்டினார்கள் என்பது. கணக்கெழுதியவன், திகதி மறக்க மாட்டேன். 2017 செப்டம்பரில் மாகாண சபைத் தேர்தல் பற்றிய ஒரு சட்டமூலம் விவாதத்துக்கு வந்தது. வந்தபோது அதன் நோக்கம் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவது. குழுநிலையில் அதற்குள் புதிய தேர்தல் முறை ஒன்றையே நுழைத்து நிறைவேற்றினீர்கள். பாதி தொகுதி, பாதி விகிதாசாரம். அதற்காக எல்லை நிர்ணயம் செய்து அறிக்கையும் தயாரானது. 2018 ஆகஸ்ட் 24 அன்று பாராளுமன்றத்தில் அந்த அறிக்கைக்கு எதிராக 139 வாக்கு. ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிராகத்தான் வாக்களித்தார்! பிறகு அது பிரதமர் தலைமையிலான குழுவிடம் போனது. இரண்டு மாத வேலை. நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பழைய சட்டம் போய்விட்டது, புதியது நடக்க முடியாதது. 2019 ஏப்ரலில் மேல் மாகாண சபையின் 104 பேரும் வீட்டுக்குப் போனார்கள். அந்த வருடம் முடிவதற்குள் ஒன்பது சபைகளிலும் ஆள் இல்லை. தமிழர் பிரச்சினைக்குத் தீர்வு என்று வந்த சபையை ஒன்பது மாகாணத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்த நாடு, முடக்கும்போதும் யாருக்கும் குறை வைக்கவில்லை.

அன்றிலிருந்து ஆளுநர்தான் எல்லாம். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. மகனின் ஓட்டோவுக்கு வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம், அந்தக் காசு மாகாணத்துக்குத்தான் போகிறது. வசூல் ஒரு நாளும் நிற்கவில்லை. கணக்குக் கேட்கிற ஆள் மட்டும்தான் இல்லை.

சபை இருந்த காலத்தை நான் தேனும் பாலுமாகச் சொல்ல வரவில்லை. 2018இல், கலைவதற்குச் சில மாதம் இருக்கையில், பத்தரமுல்லைப் புதிய கட்டடத்துக்கு ஒரு கதிரை ஆறு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கப் போகிறார்கள் என்று பத்திரிகையில் வாசித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. உறுப்பினர்களில் பாதிப்பேர் அதைப் பாராளுமன்றப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தரிப்பிடமாக நினைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் கணக்குப்பிள்ளை களவெடுத்தான் என்று கடையில் கணக்கே எழுதாமல் விடுவார்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேர்தலை நடத்துவோம் என்று ஆட்சிக்கு வரும் எல்லோரும் சொல்கிறார்கள். எந்த முறையில் என்று கேட்டால் பேச்சு மாறுகிறது. எங்களுக்கு அதுதான் முக்கியம். கொழும்பில் தமிழர்கள் ஒரே இடத்தில் குவிந்து இருப்பவர்கள் இல்லை. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி என்று கொஞ்சம். நடுவில் எத்தனையோ தெரு தாண்டி பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கொஞ்சம். தொகுதியாகக் கோடு கீறினால் பல இடங்களில் நாங்கள் இரண்டாவதோ மூன்றாவதோதான் வருவோம். மாவட்டம் முழுக்க ஒரே பெட்டியாக எண்ணினால்தான் முகத்துவாரத்து வாக்கும் வெள்ளவத்தை வாக்கும் ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஆளை அனுப்பும். 2014இல் தமிழ்க் கட்சியொன்று தனித்து நின்று வெல்ல முடிந்ததும் அந்த முறையில்தான்.

ஆகவே, பழைய விகிதாசார முறைக்குத் திரும்பும் ஒரு சிறு திருத்தத்தைக் கொண்டு வாருங்கள். பெண்களுக்கான ஒதுக்கீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சட்டமூலம் வந்ததே அதற்காகத்தான். இதற்குப் புதிய குழு எதுவும் வேண்டாம்.

பேரனுக்கு மூன்றாம் தவணையில் ஓர் ஆசிரியர் வந்துவிட்டார், வாரத்தில் இரண்டு நாள். மிச்சத்துக்குச் சனிக்கிழமை பஸ் மாறி வெள்ளவத்தைக்கு டியூஷன் போகிறான்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதானால் தயவுசெய்து தமிழில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்து அது பேராதனைக்குப் போய்விட்டது. வாசித்துச் சொல்ல இப்போது ஆள் இல்லை.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாக்காளன் ஒருவன்