பாதிப் பிள்ளைகள் ஏன் நின்றுவிட்டார்கள்?

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஊர் கிளப் கோர்ட்டில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித்தரக் கிளம்பிவிட்டாய். சும்மா இருக்கத் தெரியாத ஆளாயிற்றே நீ! ஆனால் கோடை முகாமுக்கு வந்த கூட்டத்தில் பாதி ஜூன் மாதம் காணாமல் போனதற்கு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நீ எழுதியதை வைத்தே கணக்குப் போட்டுப் பார். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். கூடையிலிருந்து ஐந்து விநாடிக்கு ஒரு பந்து போடுகிறாய். அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு நிமிடத்துக்கு ஒரு பந்துதான். பந்து பொறுக்கும் நேரமும் நீ பேசும் நேரமும் தனி, உன் பேச்சு எனக்குத் தெரியாதா! ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி நின்றால் எந்தப் பிள்ளைக்கு மறுநாள் வரத் தோன்றும்? வெளியே நின்று பார்க்கும் பெற்றோருக்குத்தான் அந்த வரிசை ஒழுங்காகத் தெரியும்.

அடுத்தது பந்து. எல்லோருக்கும் அதே மஞ்சள் பந்துதான் என்றாய். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அது 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது விதி. ஏழு வயதுப் பிள்ளையின் உயரமே சுமார் 120. தலைக்கு மேல் போகிற பந்தை அது எப்படி அடிக்கும்? மட்டையைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, எப்படியோ தள்ளிவிடும். அந்தப் பிடி கையில் ஊறிவிட்டால் பதினாலு வயதில் மாற்ற நீ படாத பாடு படுவாய். "லேசான பந்தில் பழகினால் ஆட்டம் கெட்டுவிடும்" என்று சொல்லும் பெரியவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்து கூடாது என்று விதியை மாற்றிவிட்டது. சின்னவர்களுக்குச் சிவப்பு, அடுத்து ஆரஞ்சு, அதற்கப்புறம் பச்சை. சிவப்புப் பந்து சாதாரணப் பந்தைவிட 75 சதவீதம் வேகம் குறைவு.

கோர்ட்டுக்குச் செலவே இல்லை. டபுள்ஸ் (பக்கத்துக்கு இருவர் ஆடும்) கோர்ட்டின் அகலம் 10.97 மீட்டர். சிவப்புப் பந்து ஆடும் சின்ன கோர்ட்டின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே கோர்ட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு கயிறு கட்டு, அதில் தங்கச்சியின் பழைய சேலையைத் தொங்கவிடு. உயரம் 80 சென்டிமீட்டர் இருந்தால் போதும். சுண்ணாம்பில் கோடு போட்டால் நான்கு குட்டி கோர்ட் தயார். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஆடலாம், மீதி நான்கு பேர் பாயிண்ட் எண்ணலாம். 15, 30, 40 என்று எண்ணும் டென்னிஸ் கணக்கெல்லாம் இப்போது வேண்டாம். ஏழு பாயிண்ட் எடுத்தவர் ஜெயித்தார், அவ்வளவுதான்.

முதல் நாளே ஆடவிடு. ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கத்து அடி) வந்த பிறகுதான் ஆட்டம் என்று காக்க வைக்காதே. இங்கே என்னிடம் பழகும் ஒரு சிறுமி, ஏழு வயது. வந்த புதிதில் மட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பந்தைக் கையால் பிடிப்பாள். நான் தடுக்கவில்லை. ஒரு துள்ளலுக்குப் பிறகு பிடி, பிடித்த இடத்திலிருந்தே எதிர்ப்பக்கம் எறி என்றேன். எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அவள் கால் அதிலேயே கற்றுக்கொண்டது. மட்டையைத் திரும்பக் கையில் கொடுத்தபோது பந்துக்கு அருகில் போய் முட்டிக்கொள்ளவில்லை, சரியான தூரத்தில் நின்றாள். எதிராளி அடிக்கும் நேரத்தில் லேசாகக் குதித்து, இரண்டு காலிலும் சேர்ந்து இறங்கித் தயாராவதற்குப் பாண்டிக் கட்டம் போட்டுக் கொடு. நீ அதை விளக்கிச் சொன்னால் கொட்டாவிதான் வரும்.

சொல்வதைவிடக் கேட்பது நல்லது. "மட்டையை மேலே கொண்டு போ" என்று கத்தாமல், "பந்து நெட்டிலே போச்சே, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுப் பார். "கொஞ்சம் மேலே அடிக்கணும்" என்று அதுவே சொல்லும். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும்.

சர்வ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி பற்றிக் கேட்டிருந்தாய். சின்னவர்கள் முதலில் கீழ்க்கையாலேயே போடட்டும். மேல்கை சர்வுக்கு எறியத் தெரிய வேண்டும். மாங்காய்க்குக் கல் விட்டுப் பழகிய பையன்களுக்கு அது தானாக வருகிறது. மற்றவர்களை வேலிக்கு மேலே பழைய பந்தை எறியவிடு. இன்னொன்று, 1998-ல் நுங்கம்பாக்கத்தில் ஆஸ்திரேலிய வீரர் ராஃப்டர் ஜெயித்தாரே, நினைவிருக்கிறதா? பந்தைச் சரியாகத் தூக்கிப் போடாவிட்டால் எதிராளியிடம் "ஸாரி மேட்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூக்குவார். அதை என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது கோர்ட் முழுக்க ஸாரி மேட், ஸாரி மேட்தான். ஆனால் கோணலாகப் போன பந்தை எட்டி எட்டி அடிப்பது நின்றது.

வேலிக்கு வெளியே நின்று கத்தும் அப்பாக்களை உள்ளே கூப்பிட்டுக் கையில் நான்கு பந்து கொடு. பத்து நிமிடம் தன் பிள்ளைக்குக் கையால் போட்டுக்கொடுத்தால், அதிலுள்ள சிரமம் தெரிந்து வாய் அடங்கிவிடும்.

என் முட்டிவலி பரவாயில்லை, படி ஏறும்போதுதான் பிடித்துக்கொள்கிறது. அடுத்த மாதம் அங்கே வருகிறேன். சிவப்புப் பந்து ஒரு மூட்டை என் செலவில் கொண்டு வருகிறேன், கயிறும் சேலையும் உன் பொறுப்பு. நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்கு அதற்குள் ஒரு போன் போட்டு வை.

அன்புடன்,
உன் பழைய டபுள்ஸ் ஜோடி