போனேர் டைவிங் பயணம் குறித்த புகாரும் பணத்தைத் திருப்பித் தரக் கோரிக்கையும்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த பிப்ரவரியில் டொராண்டோவில் உள்ள உங்கள் நிறுவனம் மூலமாக நானும் என் கணவரும் கரீபியனில் இருக்கும் போனேர் தீவுக்கு ஸ்கூபா டைவிங் (சிலிண்டர் காற்றோடு கடலடியில் நீந்துவது) செய்ய ஏழு இரவுப் பயணம் போய்வந்தோம். இருவருக்குமாக 7,400 கனடிய டாலர் கட்டினோம். அனுபவமுள்ள டைவர்களுக்கான ரிசார்ட் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பொருந்தாத ஹோட்டலில் எங்களைத் தங்க வைத்தீர்கள் என்ற குறையைத் திரும்பி வந்த மறுநாளே தொலைபேசியில் சொன்னேன். "பேக்கேஜ்ல தினம் ரெண்டு போட் டைவ்னுதான் இருந்தது, அது கிடைச்சுதே" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. காரணத்தை எழுத்தில் வைக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் இருவரும் பதினாறு வருடமாக ஸ்கூபா டைவிங் செய்கிறோம். என் குறிப்பேட்டில் 340 டைவ்கள் பதிவாகியிருக்கின்றன; கணவருக்கு 400-ஐத் தாண்டிவிட்டது. இருவரிடமும் நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) சான்றிதழும் 40 மீட்டர் வரை இறங்குவதற்கான சான்றிதழும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே இந்த விவரங்களையெல்லாம் உங்களுக்கு மின்னஞ்சலில் எழுதி, "அனுபவமுள்ளவர்களுக்கு ஏற்ற ரிசார்ட் வேண்டும்" என்று கேட்டிருந்தேன். கூடவே சில கேள்விகளும் வைத்தேன். சிலிண்டர்களை இரவிலும் நாமே எடுத்துக்கொள்ளும்படி வெளியே வைத்திருப்பார்களா? நைட்ராக்ஸ் அங்கேயே நிரப்புகிறார்களா? ரிசார்ட் வாசலிலிருந்தே கடலில் இறங்க முடியுமா? வாடகை வண்டி பிக்கப்தானா? உபகரணங்களைக் கழுவிக் காயவைக்க இடம் உண்டா?

உங்கள் அலுவலகத்தில் இந்தப் பதிவைக் கவனித்த தம்பி மறுநாள் போன் செய்தார். "எல்லாம் பேசிட்டேன் அக்கா, நீங்க கேட்ட அத்தனையும் இருக்கு" என்றார். அப்போது அவர் சொன்ன ரிசார்ட் உண்மையிலேயே அப்படிப்பட்டதுதான். நானும் விசாரித்துப் பார்த்துத்தான் சம்மதித்தேன். ஆனால் புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது அங்கே அறை இல்லை என்று வேறொரு ஹோட்டலுக்கு மாற்றினீர்கள். "அதைவிட ஒரு நட்சத்திரம் கூடுதல்" என்று மின்னஞ்சல் வந்தது. நான் உடனே அதே ஐந்து கேள்விகளையும் திரும்ப அனுப்பினேன். பதிலாக நீச்சல்குளத்தின் படமும் காலை உணவுப் பட்டியலும் வந்தன. மறுபடி போனில் கேட்டதற்கு, "டைவ் கவுண்டர் இருக்கு அக்கா, கவலைப்படாதீங்க" என்றார் தம்பி. அதை நம்பியது என் தவறு என்று யாராவது சொன்னால், உங்களிடம் பணம் கட்டியதே நம்பிக்கையில்தானே என்றுதான் கேட்பேன்.

கரீபியனில் எங்கே போனாலும் டைவிங் ஒன்றுதான் என்று உங்கள் அலுவலகம் நினைப்பதாகத் தோன்றுகிறது. அப்படி இல்லை. கோசுமெல் தீவின் கடல் பூங்காவில் வழிகாட்டி இல்லாமல் இறங்க அனுமதி கிடையாது. அங்கே நீரோட்டம் பலமானது. அதோடு மிதந்து போவதுதான் சுகம், ஒரு படகு மேலே பின்தொடர்ந்து வரும். அந்த இடத்துக்கு அந்த விதி சரி. லிட்டில் கேமன் தீவில் பிளடி பே சுவர் என்று ஒரு கடலடிப் பாறைச் சுவர் உண்டு. ஆறு மீட்டர் ஆழத்தில் தொடங்கி முந்நூறு மீட்டருக்கும் கீழே செங்குத்தாக இறங்கும். அதைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் காலையில் ஒரு படகு, நல்ல கேப்டன், சின்னக் குழு இருந்தால் போதும்.

போனேர் வேறு மாதிரி. கிழக்கிலிருந்து வீசும் காற்றைத் தீவே மறைத்துக்கொள்வதால் மேற்குக் கரை வருடத்தின் பெரும்பகுதி அமைதியாகக் கிடக்கும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினால் பவளப்பாறை வந்துவிடும். சாலையோரமாக மஞ்சள் சாயம் பூசிய கற்களில் ஒவ்வோர் இடத்தின் பெயரும் எழுதியிருக்கும். பிக்கப் வண்டியின் பின்னால் நாலு சிலிண்டரைப் போட்டுக்கொண்டு, எந்தக் கல் பிடிக்கிறதோ அங்கே நிறுத்தி இறங்கலாம். கரையிலிருந்தே போகக்கூடிய இடங்கள் ஐம்பதுக்கும் மேல். 1979-இலேயே இந்தக் கடலைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கிவிட்டார்கள். கரையில் அலை ஏறும் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை அதன் எல்லை. நங்கூரம் போடக் கூடாது, கையுறை போடக் கூடாது, முதல் நாள் அறிமுக டைவ் ஒன்று முடித்தே ஆக வேண்டும். அதன்பிறகு உங்கள் துணையோடு, உங்கள் பொறுப்பில், உங்கள் நேரத்தில் போய்வரலாம். இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் உலகம் முழுவதிலுமிருந்து அனுபவமுள்ளவர்கள் போனேருக்கு வருகிறார்கள். நாங்கள் பணம் கட்டியதும் இதற்காகத்தான்.

இனி எங்களுக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். ஹோட்டல் கடற்கரையிலேயே இல்லை. உள்ளே தள்ளி இருந்தது. டைவ் கவுண்டர் என்பது வரவேற்பறையின் ஓரத்தில் ஒரு மேசை. வேறொரு நிறுவனத்தின் ஆள் காலை ஒன்பது மணிக்கு வந்து நாலு மணிக்குப் போய்விடுவார். சிலிண்டர்கள் பின்பக்கம் ஒரு கம்பிக் கூண்டுக்குள், பூட்டு அவரிடம். விடியற்காலை டைவும் கிடையாது, இரவு டைவும் கிடையாது. முதல் நாள் மாலை ஐந்தரை மணிக்கு, வெட்சூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கூண்டுக்கு முன்னால் நின்றோம். உள்ளே நிரப்பிய சிலிண்டர்கள் இருபதாவது இருக்கும். கை நீட்டினால் எட்டும் தூரம். கணவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அறைக்குத் திரும்பினார். அந்த மனிதர் இந்தப் பயணத்துக்காக ஒன்றரை வருடம் விடுப்பைச் சேர்த்து வைத்தவர்.

பிக்கப் என்று சொன்ன வண்டி ஒரு சின்னக் கார். வாடகை ஒப்பந்தத்திலேயே சிலிண்டர் ஏற்றக் கூடாது, ஈர உடையோடு உட்காரக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. அந்தத் தீவில் டைவ் செய்ய வருகிறவர்களுக்கு அந்தக் காரால் ஒரு பயனும் இல்லை.

சரி, படகில்தான் போவோம் என்று இரண்டாம் நாள் கிளைன் போனேருக்குப் போனோம். எதிரே இருக்கும் ஆளில்லாத குட்டித் தீவு அது. சுற்றிலும் அருமையான பவளப்பாறை. படகில் எங்களோடு ஆறு பேர். அதில் நாலு பேர் அதற்கு முந்தைய வாரம்தான் சான்றிதழ் வாங்கியவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அவர்களுக்கு 18 மீட்டர்தான் எல்லை, அதனால் எல்லோருக்கும் 18 மீட்டர். முப்பத்தைந்தாவது நிமிடம் அவர்களில் ஒருவருக்குச் சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பாருக்கு இறங்கிவிட்டது. வழிகாட்டி எல்லோரையும் மேலே வரச் சொல்லிக் கட்டைவிரலைக் காட்டினார். என் கேஜில் அப்போது 110 பார் இருந்தது. கீழே ஒரு கடலாமை அப்போதுதான் பாறைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது; அதைப் பார்த்தபடியே மேலே வந்தேன். நாங்கள் இருவரும் தனியாகத் தொடரலாமா என்று படகில் ஏறியதும் கேட்டேன். ஒரே குழுவாகத்தான் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் அவர். மூன்றாம் நாளும் அதே கதை.

நைட்ராக்ஸ் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேற்குக் கரையின் தெற்குப் பகுதியில் ஹில்மா ஹூக்கர் என்று ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 72 மீட்டர் நீளம். கஞ்சா கடத்திப் பிடிபட்டு, 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கியது. இப்போது வலப்பக்கமாகச் சாய்ந்து, ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் மணலில் படுத்திருக்கிறது. கரையிலிருந்தே நீந்திப் போகலாம். பல வருடமாக நாங்கள் பார்க்க நினைத்த இடம். சாதாரணக் காற்றில் 30 மீட்டரில் டைவிங் பாதுகாப்புப் பட்டியல்படி இருபது நிமிடம்தான் இருக்க முடியும். 32 சதவீத நைட்ராக்ஸ் இருந்தால் முப்பது நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் கப்பலின் முனையிலிருந்து முனை வரை அவசரமில்லாமல் போய்வர முடியும்.

"நைட்ராக்ஸ் உண்டு" என்று உங்கள் தாளில் எழுதியிருந்தது. அங்கே போனால், முந்தின நாளே சொல்லி வைத்தால் வேறு கடையிலிருந்து நிரப்பிக் கொண்டுவந்து தருவார்களாம். சொல்லி வைத்தோம். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரு வாடகை வண்டிக்காரரைப் பிடித்து, சாதாரணக் காற்றோடு ஹில்மா ஹூக்கருக்குப் போனோம். கப்பலின் பின்பக்கம் பஞ்சுயிரிகள் படர்ந்த பெரிய சுழலி (கப்பலை உந்தும் விசிறி) தெரிந்தது. அதன் நிழலில் வெள்ளி நிறத்தில் நாலைந்து டார்பன் மீன்கள் அசையாமல் நின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். அவற்றை நோக்கி நாலு தடவை துடுப்பை அசைத்திருப்பேன், கணவர் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் தன் டைவ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மூன்று நிமிடம் மீதி. திரும்பிவிட்டோம்.

கழுவும் தொட்டியைப் பற்றி நான் கேட்டதும் சௌகரியத்துக்காக இல்லை. 2023-இல் இந்தத் தீவின் பவளங்களில் திசுக்களை அழிக்கும் நோய் தென்பட்டது. அதிலிருந்து, ஓர் இடத்தில் இறங்கிய உபகரணங்களைக் கிருமிநீக்கம் செய்துவிட்டு அடுத்த இடத்துக்கு எடுத்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறார்கள். உங்கள் ஹோட்டலில் அதற்கு ஒரு வாளிகூட இல்லை. நாங்கள் குளியலறையில் வைத்துக் கழுவினோம். நூற்றுக்கணக்கான வருடம் வளர்ந்த பவளங்களைப் பார்க்கப் போகிற நாம், அவற்றுக்கு நோயைச் சுமந்து போகிறவர்களாக இருக்கக் கூடாது. எனக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

நாலாம் நாள் காலை உங்கள் பேக்கேஜைக் கைவிட்டோம். ஊருக்குள் ஒரு டைவ் கடையில் சிலிண்டருக்கும் நைட்ராக்ஸுக்கும் 480 அமெரிக்க டாலர் கட்டினோம். பிக்கப் வாடகை 375. அப்புறம் மீதி நாட்கள் நன்றாகப் போயின. வடக்கே கர்பாட்டாவில் எங்களைத் தவிர யாருமில்லாமல் எழுபது நிமிடம் இருந்தோம். ஆயிரம் படிகள் என்ற இடத்தில், உண்மையில் ஏறத்தாழ எழுபது படிகள்தான், சிலிண்டரோடு ஏறி வரும்போது முழங்கால் வலித்தாலும் சந்தோஷமாக இருந்தது. பயணம் முழுக்க அப்படித்தானே இருந்திருக்க வேண்டும்? விமானம் ஏறுமுன் 18 மணி நேரம் டைவ் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதால் கடைசி நாளும் கணக்கில் வராது. ஹில்மா ஹூக்கருக்குத் திரும்பப் போக நேரம் கிடைக்கவில்லை.

ஹோட்டல் ஊழியர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அன்பாக இருந்தார்கள், அறை சுத்தம், சாப்பாடு நன்றாகவே இருந்தது. குடும்பத்தோடு ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கு அது நல்ல ஹோட்டல். அதை அனுபவமுள்ள டைவர்களுக்கான ரிசார்ட் என்று எங்களிடம் விற்றதுதான் தவறு. அந்தத் தவறு உங்களுடையது.

ஆகவே நான் கேட்பது இவை. வெளியே நாங்கள் செலவழித்த 855 அமெரிக்க டாலரை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும், ரசீதுகளை இணைத்திருக்கிறேன். நாங்கள் பயன்படுத்தாத மூன்று நாள் படகு டைவுகளின் கட்டணத்தையும், அந்தக் காரின் வாடகையையும் தர வேண்டும். முதலில் ஒப்புக்கொண்ட ரிசார்ட்டுக்கும் மாற்றித் தந்த ஹோட்டலுக்கும் விலையில் வித்தியாசம் இருந்தால் அதையும் கணக்குக் காட்ட வேண்டும். அந்த ஹோட்டலின் விளம்பரத்திலிருந்து "அனுபவமுள்ள டைவர்களுக்கு" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் இன்னொரு தம்பதி அதைப் படித்துவிட்டு அந்தக் கம்பிக் கூண்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம்.

போனில் பேசிய தம்பி மேல் நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. அவருக்கு டைவிங் தெரியாது, அது குற்றமில்லை. தெரியாததை விற்க அவரை உட்கார வைத்திருக்கிறீர்கள். என் ஐந்து கேள்விகளையும் அவரிடம் கொடுத்து, டைவிங் பயணம் கேட்டு யார் வந்தாலும் ரிசார்ட்டிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் வாங்கச் சொல்லுங்கள். ஹோட்டல் மாறினால் திரும்பவும் முதலிலிருந்து கேட்கச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், ஒன்டாரியோவில் பயண முகவர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் டிக்கோ அமைப்பிடம் இதே கடிதத்தையும் நம் மின்னஞ்சல்களையும் கொடுத்து முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: முன்பதிவுத் தாள், மின்னஞ்சல்களின் நகல், டைவ் கடை மற்றும் பிக்கப் வாடகை ரசீதுகள், கார் ஒப்பந்தத்தின் நகல்