வரலாற்று மன்றத்தின் ஆண்டறிக்கை: சென்ற ஆண்டின் பணிகளும் வரும் ஆண்டின் பொது நிகழ்ச்சிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இந்தப் பொதுக்குழுவுக்கென்றே சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், நம் ஊர்ப் பெரியோர்களுக்கும் பணிவான வணக்கம்.

சென்ற பங்குனியில் கூடிய பொதுக்குழுவுக்குப் பின் நம் மன்றம் செய்தவற்றையும், வரும் ஆண்டில் பொதுமக்களுக்காக நடத்த எண்ணியிருப்பவற்றையும் இவ்வறிக்கையில் தங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிக்கவிருப்பதால் அதனை இங்கே தொடவில்லை.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். சென்ற வைகாசியில் கல்வெட்டுகள் பற்றி நாம் ஏற்பாடு செய்த சொற்பொழிவுக்கு வந்தவர்கள் பதினோரு பேர். பேச்சாளர் நெடுந்தொலைவிலிருந்து வந்திருந்தார். மைக்கும் நாற்காலிகளும் முதல் நாளே வந்துவிட்டன. அழைப்பிதழும் வீடுவீடாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அன்று பெரிய முகூர்த்த நாள். நம் வட்டகையில் பாதிப் பேர் ஏதாவதொரு கல்யாண வீட்டில் இருந்தார்கள். பேச்சாளருக்கு வசதியான ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தேனே தவிர, பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. நாள் குறித்தவன் என்ற முறையில் அந்தப் பொறுப்பு முழுவதும் என்னுடையது. அந்தப் பேச்சாளரிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்துவிட்டேன். அவரும் பெருந்தன்மையோடு மீண்டும் வர இசைந்திருக்கிறார்.

அந்த நாளுக்குப் பிறகுதான் செயற்குழுவில் ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. செட்டிநாட்டில் பொது நிகழ்ச்சிக்கு நாள் குறிப்பதென்றால், ஊர் எப்போது நிறைகிறது, வீடுகள் எப்போது திறக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபதுக்கு மேற்பட்ட நம் ஊர்களில் பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. முன்னோரை வழிபடும் படைப்புக்கும், கோயில் திருவிழாவுக்கும், கல்யாணத்துக்கும்தான் முகப்புக் கதவு திறக்கிறது. முற்றத்தைச் சுற்றிய வளவில் வெளிச்சம் விழுகிறது. இரண்டாங்கட்டில் ஆள் நடமாட்டம் கேட்கிறது. அந்த இரண்டொரு நாளில்தான் சாவி வைத்திருப்பவரும், வீட்டின் கதை தெரிந்தவரும், பங்காளிகள் அனைவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது பல குடும்பங்கள், உரிமைக்காரர்களாக இருக்கும்போது, ஒருவர் சரி என்று சொன்னதை வைத்து இன்னொருவர் வீட்டுக்குள் நாம் கூட்டத்தை அழைத்துச் செல்ல முடியாது, செல்லவும் கூடாது. ஆகவே அவர்கள் கூடும் நாளே நமக்கு ஏற்ற நாள்.

இதற்கு நம் கண்முன்னேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கம்பன் அடிப்பொடி சா. கணேசனார் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் திருநாள் பங்குனி மாதத்தில் நடந்து, நிறைவு நாளில் கம்பர் அருட்கோயில் உள்ள நாட்டரசன்கோட்டைக்குச் செல்கிறது. பங்குனி அத்த நட்சத்திரம் என்றால் நாட்டரசன்கோட்டை என்று அழைப்பிதழ் வராமலே தெரிந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. நாள், மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு பொருந்தியதால் நிலைத்தது என்றே கருதுகிறேன்.

இந்த முடிவின்படி நடந்த முதல் நிகழ்ச்சி, பொங்கலுக்கு மறுவாரம் நம் ஊர் வளவு வீடு ஒன்றில் நடந்த ‘பெட்டகம் திறக்கும் நாள்’. வீட்டிலிருக்கும் பழம்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அதன் பயனைச் சொல்லுங்கள், படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம் என்று மட்டும் அறிவித்திருந்தோம். காலையில் வந்தவை பெரும்பாலும் மங்குச் சாமான்கள் என்னும் எனாமல் பாத்திரங்களும், ஓலைக் கொட்டான்களும், பித்தளைத் தூக்குகளும். பதினொரு மணியளவில் எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர், பேரன் கையில் சிவப்புத் துணி மூட்டை ஒன்றைக் கொடுத்து உள்ளே வந்தார். அவிழ்த்தால், ஓரங்கள் செல்லரித்த பேரேடு ஒன்று. முதல் பக்கத்தில் உகரமாகிய பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘சிவமயம்’, அடுத்து ‘பிரபவ வருஷம் ஆவணி மாதம்’ என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. அது 1927ஆம் ஆண்டைக் குறிக்கும்; காந்தியடிகள் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்ததும் அதே ஆண்டுதான். ஆச்சியின் தகப்பனார் பர்மாவில் அடுத்தாளாக, அதாவது கடைப் பொறுப்பாளருக்கு உதவியாளராக, இருந்து, மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துத் திரும்பியபோது கொண்டுவந்த ஏடு அது என்றார்.

எண்கள் அனைத்தும் தமிழ் எண்கள், பின்னங்களும் அப்படியே. சுற்றியிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. ஒரு பெண் குழந்தை ஒரு குறியைத் தொட்டு, “ஆச்சி, இது என்ன எழுத்து?” என்று கேட்டாள். “தொடாதே ஆத்தா, உதிர்ந்துபோகும். அது மாகாணி. பதினாறுல ஒண்ணு” என்றார் ஆச்சி. பிறகு காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, பிள்ளைகள் கணக்குநோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். பக்கத்தின் கூட்டுத்தொகையை அவர்களே போட்டுப் பார்த்துச் சரியாக வந்ததும் வளவே அதிர்ந்தது. நம் மன்றம் நடத்திய எந்தச் சொற்பொழிவிலும் அத்தனை ஈடுபாட்டை நான் கண்டதில்லை. அந்தப் பேரேட்டின் பக்கங்கள் முழுவதும் அன்று மாலைக்குள் படமெடுக்கப்பட்டன; ஏடு அதே துணியில் கட்டி ஆச்சியிடமே ஒப்படைக்கப்பட்டது.

இதே ஆண்டில் நாம் இழந்ததையும் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் மரப்பெட்டி நிறைய ரங்கூன், பினாங்குக் கடிதங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வீட்டுக்காரரிடம் பேசி, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டைப் பராமரிக்க வந்தவர்கள் பெட்டியைத் துடைத்து வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவை முந்திய நாள் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போயிருந்தன. அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தாள்கள் எதற்காவது ஆகும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வாரம் என்று நாம் சொன்னதுதான் தவறு.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா அவர்கள், பிறர் கழித்துப் போட்ட நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் தேடித்தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்று, 1994இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமையக் காரணமாயிற்று. உலகின் பல மூலைகளிலிருந்து ஆய்வாளர்கள் தேடி வரும் அந்த இடத்தின் வேர் நமக்கு மிக அருகிலுள்ள ஓர் ஊர் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை. அதுபோலவே, நம் பகுதி வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுபோய் மீண்டும் எழுப்பிக் காட்டும் தட்சிணசித்ரா சென்னைக்கருகே 1996இல் திறக்கப்பட்டது. வெளியூரில் சீட்டு வாங்கிக்கொண்டு மக்கள் பார்க்கும் வீட்டை, அது பிறந்த மண்ணில் ஆண்டுக்கு ஒருநாளாவது திறந்து காட்ட நம்மால் முடிய வேண்டும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளுக்கு நிலைக்கதவும் தூணும் போவதை நம்மால் தடுக்க இயலாது. விற்பது உரிமைக்காரர் விருப்பம். கழற்றுவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள், இருந்த இடத்திலேயே படமெடுத்து அளவெடுத்துக்கொள்கிறோம் என்பதே நம் வேண்டுகோள்.

இனி, வரும் ஆண்டின் நிகழ்ச்சிகள்.

ஏப்ரல் 18, உலக மரபு நாள். அன்று காலை கானாடுகாத்தான் தெருக்களில் நடைச்சுற்று. வீடுகளுக்குள் நுழைவதாக இல்லை. ஒரு தெருவில் ஆரம்பித்து மறு தெருவில் முடியும் வீடுகளின் நீளம், ஓட்டுக்கூரையில் விழும் மழைநீர் முற்றம் வழியாகப் போகும் போக்கு, ஊரணிகளின் அமைப்பு ஆகியவற்றை வெளியிலிருந்தே விளக்கலாம். இங்கே ஒரு தெளிவு தேவை. செட்டிநாட்டின் ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்தான் சேர்க்கப்பட்டன. உலக மரபுச் சின்னம் என்ற தகுதி இன்னும் வரவில்லை. கிடைத்துவிட்டதாக மேடைகளில் பேசப்படுவதைக் கேட்கிறோம். நம் மன்றத்தின் பெயரில் வரும் எந்த அழைப்பிதழிலும் அப்படி அச்சாகக் கூடாது.

மே 18, அருங்காட்சியக நாள். பள்ளி விடுமுறையாக இருப்பதால் பிள்ளைகளோடு புதுக்கோட்டைக்குச் செல்கிறோம். திருக்கோகர்ணத்திலுள்ள அரசு அருங்காட்சியகம் 1910இல், சமஸ்தான காலத்தில் தொடங்கப்பட்டது. செப்புத் திருமேனிகளும் கல்வெட்டுகளும் மட்டுமன்றி, நிலவியல், விலங்கியல் பொருள்களும் அங்கே உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிக் களைப்படையச் செய்வதைவிட, ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, அதன் முன் உட்கார்ந்து வரைந்து, திரும்பும் வழியில் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று வைத்திருக்கிறோம். போகும் வழியில், 1687இல் கிழவன் சேதுபதி எழுப்பிய திருமயம் கோட்டையில் வெயில் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம்.

சூன் 24, கவியரசு கண்ணதாசன் பிறந்த நாளில் காரைக்குடி மணிமண்டபத்தில் அஞ்சலி. சிறுகூடல்பட்டியிலிருந்து வர விரும்புவோருக்கு வேன் ஏற்பாடு செய்யப்படும்.

ஆடி மாதத்தில், மழைக்கு முன்னதாக, ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் அரை நாள் செய்முறை விளக்கம். இந்நிகழ்ச்சியின் மேல் எனக்குத் தனி அக்கறை உண்டு. நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் தளம் எப்படி உண்டாகிறது என்பதை நம் ஊர்க்காரர்களே பலர் பார்த்ததில்லை. இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் துண்டை வைத்து, அதன் மேல் பூவேலை அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு வண்ணச் சாந்தைச் சிறு கரண்டியால் ஊற்றி, அச்சை அசையாமல் தூக்குவார்கள். வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பது கைப்பழக்கம். பிறகு சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வார்கள். அடுத்து நீரில் ஊறவைத்துக் காயவைப்பதோடு சரி; சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியைப் பிரிக்கும்போது தெரிகிற அந்த வழவழப்பு, கண்ணாடி முகத்திலிருந்து வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு கல்லை ஊற்றிப் பார்க்கத் தொழிலாளர்கள் இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அன்றைய கூலி முழுவதும் மன்றம் தரும். வேலை கெடுத்துவிட்டுப் பொன்னாடை போர்த்தி வருவது முறையன்று.

அக்டோபர் 24, மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்ட நாள். திருப்பத்தூர் நினைவிடத்துக்குச் செல்கிறோம். பேச்சு எதுவும் வைக்கவில்லை.

நவம்பர் 19 முதல் 25 வரை மரபு வாரம். ஐப்பசி, கார்த்திகை மழையை எண்ணித் திறந்தவெளி நிகழ்ச்சியைத் தவிர்த்து, கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் பயணம் வைத்திருக்கிறோம். 2014இல் தொடங்கிய அகழாய்வுகளில் கிடைத்த பொருள்களுக்காக 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் செட்டிநாட்டுப் பாணியில் அமைக்கப்பட்டது. சங்ககால மக்களின் பானையோடுகளை நம் வீடுகளைப் போன்ற தாழ்வாரத்தில் நின்று பார்க்கும்போது நம் முதியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவி எடுத்துச் செல்லப்படும்.

பிள்ளையார் நோன்பை ஒட்டிய நாள்களிலும், தை, மாசி மாதங்களிலும் பெட்டகம் திறக்கும் நாளை மூன்று ஊர்களுக்கு விரிவாக்க எண்ணுகிறோம். எந்த வீடு, எந்த நாள் என்பதைப் பங்காளிகள் அனைவரின் எழுத்துவழி இசைவு கிடைத்த பின்பே அறிவிப்போம். கூட்டம் முப்பது பேருக்கு மேற்படாமல், பட்டாசாலை என்னும் கூடத்தைத் தாண்டி உள்ளறைகளுக்குள் எவரும் போகாமல், பூசை அறையைப் படமெடுக்காமல் நடத்துவது என்று விதி வகுத்திருக்கிறோம். அதன் நிறைவாக அடுத்த பங்குனியில் காரைக்குடியில் ஒரு நடைச்சுற்று. 1917இல் தொடங்கப்பட்ட இந்து மதாபிமான சங்கமும், பாரதியார் 1919இல் அங்கு வந்தபோது எடுக்கப்பட்ட படமும் அதில் முக்கிய இடம் பெறும்.

இவை நடக்க மூன்று உதவிகள் உடனே வேண்டும். தமிழ்ப் பின்னங்களும் பழைய கணக்கு எழுத்தும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ஆனி மாதத்துக்குள் பெயர் தாருங்கள். நாங்களே வீட்டுக்கு வந்து அவர்களிடம் கற்றுக்கொள்கிறோம். பழைய கடிதம், பேரேடு, சீர்வரிசைப் பட்டியல் எதையும் எடைக்குப் போடும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இனி அடுத்த வாரம் என்று சொல்லாமல் அன்றே வருவதற்கு நான்கு இளைஞர்கள் முறைவைத்து ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு உங்கள் வீட்டில் எப்போது படைப்பு, எப்போது கல்யாணம் என்பதைத் தெரிந்தவரை இன்றே குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள்; நம் நாள்காட்டி அதைப் பார்த்தே அச்சாகும். குறிப்பேடு வாயில் மேசையில் இருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
செயலாளர்