காட்டுயிர் படங்களுக்குத் தமிழில் குரல் தருவோருக்கு

விவரணை எழுதுவோருக்கும் வாசிப்போருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். உங்கள் படங்களை என் மாணவர்கள் ஆசையாகப் பார்க்கிறார்கள், சொன்னதை அப்படியே நம்புகிறார்கள். ஆண் சிங்கம் குடும்பத் தலைவன், பெண் பறவை வெட்கப்பட்டு ஒதுங்குகிறது என்று நீங்கள் சொல்வது வகுப்பறைக்கும் வந்துவிடுகிறது. "ரீச்சர், மிருகத்திலயும் ஆம்பிளைதானே பெரிசு?" என்று ஒரு பையன் கேட்டான். பெண் பிள்ளைகள் யாரும் மறுக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

நம் நாட்டுக் குளங்களில் நீளவால் இலைக்கோழி இருக்கிறது. பெண்தான் உருவத்தில் பெரியது. நான்கு முட்டை இட்டுவிட்டு இன்னோர் ஆணுடன் சேரப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளோடு திரிவதும் ஆண். மயில் உள்ளானிலும் ஆண்தான் அடைகாக்கும். புள்ளிக் கழுதைப்புலிக் கூட்டத்தில் பெண்களின் கைதான் ஓங்கியிருக்கும்.

ஆண் அலையும், பெண் அடங்கியிருக்கும் என்பது அறிவியல் நிரூபித்த விதி என்று நினைக்கிறீர்களா? அதற்குப் பெரிய ஆதாரமாகக் காட்டப்பட்டது 1948இல் பேற்மன் என்ற மரபியலாளர் பழ ஈக்களில் செய்த பரிசோதனை. பல துணைகளோடு சேர்ந்தால் ஆணுக்குத்தான் சந்ததி கூடும், பெண்ணுக்கு அவ்வளவாகக் கூடாது என்பது அவர் முடிவு. அப்போது டிஎன்ஏ சோதனை இல்லை. வளைந்த சிறகு போல கண்ணுக்குத் தெரியும் மரபணுப் பிறழ்வுகள் கொண்ட ஈக்களைச் சேரவிட்டு, எந்தப் பிறழ்வு சந்ததியில் வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பெற்றோரைக் கண்டுபிடித்தார். 2012இல் பற்றீசியா கோவாற்றி என்ற உயிரியலாளரும் சகாக்களும் அதையே திரும்பச் செய்தார்கள். தாயின் பிறழ்வையும் தகப்பனின் பிறழ்வையும் சேர்த்துப் பெற்ற ஈக்களில் பல வளருமுன்பே செத்துப்போயின. மிஞ்சியவற்றை மட்டும் எண்ணினால் கணக்கு எப்படிச் சரிவரும்? பேற்மனின் தரவுகளிலேயே தாய்களைவிடத் தகப்பன்களுக்குக் கூடுதல் சந்ததி பதிவாகியிருந்தது. ஒவ்வோர் ஈக்கும் ஒரு தாய், ஒரு தகப்பன்தானே, அது நடக்கவே முடியாது. இருந்தும் அந்த முடிவு பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இருந்தது. எதிர்பார்த்த விடை வந்ததால் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, ஆண்கள் கடுமையாகச் சண்டையிடும் இனங்களும் உண்டு. அதையும் காட்டுங்கள், மறைக்கச் சொல்லவில்லை. கண்டதைக் கண்டதாகவும் ஊகத்தை ஊகமாகவும் சொன்னால் போதும்.

நம் கடல்நீரேரிக்கு வரும் பூநாரைகளில் ஆண் எது, பெண் எது என்று பார்த்தவுடன் பிரிக்க முடியாது. இரண்டுமே அடைகாக்கும், இரண்டுமே தொண்டையில் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும். அடுத்த முறை அப்படியொரு காட்சி வந்தால், தாய் ஊட்டுகிறாள் என்று எழுதுமுன் படம் எடுத்தவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால், ஒரு பறவை ஊட்டுகிறது என்றே சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்