பிரிசோவை ஒரு கோடைக்கு அனுப்பிவையுங்கள்

லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் இருக்கும் ஒரு சின்ன ஓவியத்துக்காக இந்த மடல். விலங்குகளை வரைந்து புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ரோசா பொனர் 1864-இல் வரைந்த 'பிரிசோ' என்ற நாயின் படம். அதை ஒரு கோடைக்காலத்துக்காவது, பிரான்சில் அவர் வாழ்ந்து வரைந்த வீட்டுக்கு இரவல் கொடுங்கள்.

பொனர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'குதிரைச் சந்தை'. ஐந்து மீட்டர் அகலம், திமிறி நிற்கும் குதிரைகள், புழுதி, ஆரவாரம். பிரிசோ அரை மீட்டர் உயரம்கூட இல்லை. ஒரு நாயின் தலையும் மார்பும் மட்டும். பின்னணியில் ஒன்றுமே கிடையாது. கலைந்து தொங்கும் முரட்டு முடி, அதற்கு நடுவிலிருந்து பார்க்கும் கண்கள், தலைக்கு மேலே எழுதிய பெயர். அவ்வளவுதான். ஆனாலும் என்னைக் கேட்டால், பொனர் யார் என்று புரிந்துகொள்ள இந்தச் சின்னப் படமே போதும்.

அந்தக் காலத்து ஓவியங்களில் நாய்க்குப் பெரும்பாலும் ஒரு வேலை இருக்கும். வேட்டைக்காரரின் காலடியில் படுத்திருக்கும், சீமாட்டியின் மடியில் அமர்ந்திருக்கும். உங்கள் நாட்டு லாண்ட்சீர் வரைந்த நாயோ, இறந்துபோன மேய்ப்பரின் சவப்பெட்டியில் தலை சாய்த்துத் துக்கம் காக்கிறது. பிரிசோவுக்கு அப்படி ஒரு கதையும் இல்லை. யாருக்காகவும் அழவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. ஒரு மனிதரை எதிரே உட்காரவைத்து வரைவதுபோல, அதே மரியாதையோடு பொனர் அதை வரைந்திருக்கிறார். அது அவருடைய சொந்த நாயாகவே இருந்திருக்கும் என்று கருதப்படுகிறது. பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

ஃபோன்தென்புளோ காட்டை ஒட்டிய தொமெரி என்ற ஊரில், 'குதிரைச் சந்தை' தந்த புகழாலும் பணத்தாலும் அவர் ஒரு மாளிகையை வாங்கி 1860-இல் குடியேறினார். நாய், குதிரை, ஆடு, பிற்காலத்தில் சிங்கம்கூட அங்கே வளர்ந்தன. பிரிசோவை வரைந்த அதே 1864-இல் பிரான்சின் பேரரசி யூஜெனி அங்கே வந்து அவரைச் சந்தித்தார். மறு ஆண்டு பிரான்சின் உயரிய விருதான லீஜன் ஆஃப் ஹானரைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஓவியர் பொனர்தான். 1899-இல் இறக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். அவருடைய ஓவியக்கூடம் அவர் பயன்படுத்திய பொருள்களோடு இன்றும் அங்கே இருக்கிறது, மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

முன்பு இப்படிக் கேட்டிருந்தால் உங்களால் முடியாது என்று சொல்லியிருப்பீர்கள். உங்கள் தொகுப்பை நாட்டுக்குக் கொடுத்த லேடி வாலஸ் 1897-இல் விட்டுச்சென்ற உயிலை வைத்து, எதையும் வெளியே அனுப்பக் கூடாது என்றே நூறாண்டுக்கு மேல் நடந்துவந்தது. 2019-இல் உங்கள் நாட்டு அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் தற்காலிக இரவலுக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டே இத்தாலிய ஓவியர் டிஷியனின் 'பெர்சியஸும் ஆண்ட்ரோமெடாவும்' லண்டன் நேஷனல் கேலரிக்குப் போனது. அத்தனை அரிய ஓவியத்தையே அனுப்பிய உங்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.

பாதுகாப்பு, ஈரப்பதம், காப்பீடு எல்லாவற்றுக்கும் நீங்கள் கடுமையான நிபந்தனை வையுங்கள், வைக்கவும் வேண்டும். தேவையான வசதி தொமெரியில் இல்லையென்றால், அதை உண்டாக்க உங்கள் பாதுகாப்பு நிபுணர்கள் உதவட்டும். உங்கள் சுவரில் சில மாதம் ஓர் இடம் காலியாக இருக்கும், சரி. உங்கள் அருங்காட்சியகம் இருக்கும் ஹெர்ட்ஃபோர்டு ஹவுஸுக்கு வருபவர்கள் பார்க்க வேறு எத்தனையோ இருக்கின்றன.

அப்புறம் இன்னொன்று. படத்தின் தலைப்பில் 'மேய்ப்பரின் நாய்' என்று இருக்கிறது. ஆனால் பிரிசோ நீர்நாய் வேட்டைக்குப் பழக்கும் இனத்தைச் சேர்ந்தது. பிரிசோ என்பது கடலோடிகளைக் காத்த கிரேக்கத் தேவதையின் பெயர். தண்ணீரில் வேட்டையாடும் நாய்க்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. இரவல் விஷயம் முடிவாக நாளாகும் என்றால், அதுவரை படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பிலாவது பார்வையாளர் கண்ணில் படும்படி இதைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொனரின் ஓவியங்களை நேசிக்கும் ஒருவர்