முதல் ரவுண்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குத்துச்சண்டையில் முதல் ரவுண்டைப் பார்த்தாலே யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லிவிடலாம் என உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வடசென்னையில் 16 வருடமாகச் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அது எந்தச் சண்டைக்கு உண்மை என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தொழில்முறைச் சண்டையை எடுத்துக்கொள்வோம். 1952 செப்டம்பரில் பிலடெல்ஃபியாவில் ராக்கி மார்சியானோ, சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டோடு மோதினார். முதல் ரவுண்டிலேயே வால்காட்டின் இடது கைக் குத்தில் மார்சியானோ தரையில் விழுந்தார். அதற்கு முன் அவர் எந்தச் சண்டையிலும் விழுந்ததில்லை. 12 ரவுண்டு முடிந்தபோதும் மூன்று நடுவர்களின் கணக்கிலும் வால்காட்தான் முன்னால் இருந்தார். 13-ஆவது ரவுண்டில் மார்சியானோவின் வலது கை ஒரே ஒரு முறை சரியாக இறங்கியது. சண்டை முடிந்தது.

1974-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மேனோடு மோதியதையும் பாருங்கள். முதல் ரவுண்டில் அலி முன்னால் போய் வலது கையால் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதிலிருந்து கயிற்றில் சாய்ந்து அடியை வாங்க ஆரம்பித்தார். அடித்து அடித்து ஃபோர்மேனின் கை ஓய்ந்தது, எட்டாவதில் விழுந்தார். ஜெயித்தது அலிதான், ஆனால் எப்படி ஜெயிக்கப்போகிறார் என்பதற்கு முதல் ரவுண்டில் ஒரு தடயமும் இல்லை.

முதல் ரவுண்டு முடிவைச் சொல்லிவிடுவதும் உண்டு. ஆனால் அதைப் புள்ளிக் கணக்கில் தேடக் கூடாது. 1985-இல் லாஸ் வேகாஸில் மார்வின் ஹாக்லரும் தாமஸ் ஹெர்ன்ஸும் முதல் மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் அடித்துக்கொண்டார்கள். ஹாக்லருக்கு நெற்றி கிழிந்தது. ஹெர்ன்ஸுக்கோ அந்த ரவுண்டிலேயே வலது கை உடைந்துவிட்டது. பார்த்தவர்களுக்கு ரத்தம்தான் தெரிந்தது. உடைந்த கை கிளவுஸுக்குள் இருந்தது. மூன்றாவது ரவுண்டில் ஹாக்லர் முடித்துவிட்டார்.

எங்கள் பிள்ளைகள் ஆடுவது அத்தனை நீளமான சண்டை இல்லை, மூன்றே ரவுண்டு. அந்த வாசகர் சொன்னது பெரும்பாலும் இங்கேதான் பொருந்தும். ஒவ்வொரு நடுவரும் ரவுண்டை எடுத்தவருக்கு 10 புள்ளி, மற்றவருக்கு வழக்கமாக 9 புள்ளி போடுவார். சரிசமமான இருவர் மோதுகிறார்கள் என்று வையுங்கள். ஒரு நடுவர் முதல் ரவுண்டை உங்களுக்குக் கொடுத்துவிட்டால், மீதி இரண்டில் ஒன்றை எடுத்தாலே அவர் கணக்கில் உங்களுக்கு வெற்றி. எதிராளி இரண்டையும் எடுத்தாக வேண்டும். நாலில் மூன்று பங்கு வாய்ப்பு உங்கள் பக்கம் வந்துவிடுகிறது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோமுக்கு நடந்தது இதுதான். 2021 ஜூலையில் கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவோடு மோதியபோது, முதல் ரவுண்டில் ஐந்து நடுவர்களில் நான்கு பேர் வலென்சியாவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு ரவுண்டிலும் மூன்று பேர் மேரி கோமுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நடுவரின் புள்ளியையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் மூன்று பேர் கணக்கில் வலென்சியா, இரண்டு பேர் கணக்கில் மேரி கோம்; 3-2 என வலென்சியா ஜெயித்துவிட்டார். இரண்டு ரவுண்டை எடுத்தும் தோற்ற அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

என்னிடம் பயிலும் 15 வயதுப் பெண் ஒருத்தி போன வருடம் ஒரு பள்ளிப் போட்டியில் முதல் ரவுண்டை விட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாயில் பல்லைக் காக்கும் கார்டு இருந்ததால் குழறிக்கொண்டே கேட்டாள்: "மாஸ்டர், போச்சா?" அவள் அப்பா அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார். அதை அவளும் பார்த்துவிட்டாள். "அந்தப் பொண்ணு ஜாப் போட்டுட்டுக் கையைக் கீழே விடுது, அங்கே போ" என்றேன். ஜாப் என்றால் முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து. போனாள். இரண்டாவது ரவுண்டு அவளுடையது. மூன்றாவதும் கிட்டத்தட்ட அவளுடையதுதான் என்று நினைத்தேன், நடுவர்கள் அப்படி நினைக்கவில்லை. தோற்றாள்.

தப்பு என்னுடையது. உடம்பு சூடாகாமலே அவளை ரிங்கில் ஏற்றியிருந்தேன். முதல் ஒன்றரை நிமிடம் அவள் கை எழவே இல்லை. இப்போது யாரையும் வியர்வை வழிகிற அளவுக்கு, கையில் நான் மாட்டிக்கொள்ளும் மெத்தைப் பேடில் குத்த வைக்காமல் நான் கயிற்றைத் தாண்ட விடுவதில்லை. பெற்றோர்களிடமும் சொல்லிவிட்டேன், மூன்றாவது ரவுண்டு முடிந்து மணி அடிக்கும்வரை பையைத் தரையிலேயே வைத்திருங்கள் என்று.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டப் போட்டிச் செய்திகளில் "இன்னார் வென்றார்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் ரவுண்டு வாரியாகப் புள்ளியையும் போடுங்கள். தோற்ற பிள்ளைகளும் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இராயபுரம், சென்னை